வல்லாரை வகுப்பு

விஜயராகவன் அஞ்சலாட்சியைக் கடைசியாக உயிரோடு பார்த்தபோது, அவள் கீரைக் கூடையைத் தானே தூக்கித் தலையில் ஏற்றிக்கொண்டிருந்தாள். கை கொடுக்க யாரும் வரவில்லை. அவரும் போகவில்லை. அவளை அங்கிருந்து எழுப்பியதே அவர்தான்.

உப்பளம் என்ற பகுதியில் அவருடைய அடுக்குமாடிக் கட்டடத்தின் மதில் நிழலில் பதினெட்டு வருஷமாக அவள் கீரை விற்றாள். அரியாங்குப்பத்திலிருந்து முதல் பஸ்ஸில் வருவாள். பத்து மணிக்குள் கூடை காலியாகிவிடும். அவளுக்கும் மகளுக்கும் அந்த நிழல்தான் சோறு போட்டது.

விஜயராகவன் ஓய்வுபெற்ற வங்கி மேலாளர். மனைவி போன பிறகு அடுப்புப் பற்றவைக்கத் தெரியாமல் பச்சைக் காய்கறிக்கு மாறினார். மூன்றே மாதத்தில் அது கொள்கையாகிவிட்டது. ஞாயிறு காலையில் கடற்கரையில் வகுப்பே எடுத்தார். சமைப்பது என்பது உணவைக் கொலை செய்வது என்பார். தினம் பத்து வல்லாரை இலையைப் பச்சையாக மென்றால் மூளை முறுக்கேறும் என்பார். நடக்க வந்தவர்கள் உட்கார்ந்து தலையாட்டினார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வகுப்பு முடிந்து, நாலு சீடர்களோடு வந்தவர் அஞ்சலாட்சியின் கூடையிலிருந்து இரண்டு கட்டு வல்லாரையை எடுத்தார். எப்படிச் சாப்பிடுவீர்கள் என்று கேட்டாள். இவளுக்கும் ஒரு வகுப்பு எடுத்துவிடலாமே என்று அவர் விளக்கமாகச் சொன்னார். முழுதும் கேட்டுவிட்டு, அவர் கையிலிருந்த இரண்டு கட்டையும் வாங்கித் திரும்பக் கூடையில் போட்டாள்.

"வல்லாரை உங்களுக்கு இல்ல சார். முருங்கை இருக்கு, எடுத்துக்குங்க."

"எனக்கு மட்டும் ஏன் இல்ல?"

"இல்லன்னா வுட்டுடுங்க சார்."

அந்த நேரம் பார்த்து மூன்றாவது மாடி கமலா வந்து கூட்டு வைக்க வல்லாரை கேட்டாள். மறுபேச்சில்லாமல் மூன்று கட்டு அவள் பைக்குள் போனது.

சீடர்களில் ஒருவர் சிரித்துவிட்டார். "பேங்க்ல எத்தினி பேருக்கு லோன் இல்லன்னிருப்பீங்க. இன்னிக்கு உங்களுக்கே கீரை இல்லன்னுட்டாங்க சார்."

அந்தச் சிரிப்பு அவருக்கு இரண்டு நாள் காதிலேயே இருந்தது. கட்டடச் சங்கக் கூட்டத்தில் எழுந்து, வாசலில் குப்பை, ஈ, சுகாதாரக் கேடு என்று அரைமணி நேரம் பேசினார். கீரைக்காரியைக் காலி செய்யச் சொல்வதென்று முடிவாயிற்று.

அஞ்சலாட்சி படியேறி அவர் வீட்டுக்கே வந்தாள். வேறு இடம் கிடையாது, வயசுப் பெண் வீட்டில் இருக்கிறது என்று கெஞ்சினாள். அவர் நாற்காலியில் சாய்ந்துகொண்டு, பெரிய மனசோடு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"சரி, இருந்துக்கோ. நாளைலேந்து எனக்கு வல்லாரை குடுப்பியா?"

அவள் படியைப் பார்த்துத் திரும்பினாள்.

"அது மட்டும் வேணாம் சார்" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனாள்.

என்ன திமிர் என்று எல்லோரிடமும் சொல்லி மாய்ந்தார் விஜயராகவன். அடுத்த மாதமே முனையில் குளிர்சாதனம் போட்ட காய்கறிக் கடை ஒன்று வந்தது. அங்கே வல்லாரை பாக்கெட்டில் வந்தது. 'கழுவியது, அப்படியே உண்ணலாம்' என்று அச்சடித்திருந்தது. எப்படித் தின்பாய் என்று யாரும் கேட்கவில்லை. தினமும் ஒரு பாக்கெட் மென்றார்.

ஒன்றரை வருஷம் கழித்து, வகுப்பின் நடுவிலேயே வாயில் நுரை தள்ளி விழுந்தார். வலிப்பு. டாக்டர் ஸ்கேன் படத்தைக் காட்டி, மூளையில் இரண்டு கட்டி இருக்கிறது, பன்றி நாடாப்புழுவால் வந்தது, புழுவின் முட்டை பச்சைக் கீரையோடு உள்ளே போயிருக்கலாம் என்றார்.

"நான் சுத்த சைவம் டாக்டர்."

"புழுவுக்கு அது தெரியாதே சார்."

மாத்திரையும் கையுமாக முனைக் கடையில் போய்ச் சண்டை போட்டார். கீரை போடுவது அரியாங்குப்பத்தில் சிவசங்கரி என்ற பெண் என்று சொல்லிக் கையைக் கழுவிக்கொண்டார்கள். கோபத்தோடு ஆட்டோ பிடித்துப் போனார். கூரை வீடு. சுவரில் மாலை போட்ட படத்தில் அஞ்சலாட்சி இருந்தாள்.

சிவசங்கரி அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"பச்சையாத் திங்கற பேங்க் சார் நீங்கதானா? அம்மா சொல்லும். எங்க கீரை வாய்க்கா ஓரம் பறிக்கறது சார். மேல இருக்கற வீட்டுக் கக்கூஸ் தண்ணி பூரா அதுலதான் வருது. ஆக்கித் தின்னா ஒண்ணும் பண்ணாது. வெளியில சொன்னா ஒருத்தரும் வாங்க மாட்டாங்க. அதான் பச்சையாத் திங்கறவங்களுக்கு மட்டும் இல்லன்னுடும்."

"தெரிஞ்சிருந்தும் நீ ஏன் அந்தக் கடைக்குப் போடறே?"

"அம்மா ஒக்காந்து, ஒவ்வொருத்தரா கேட்டு வித்துச்சி. ஒக்கார எடம் போனப்புறம் தெருத்தெருவா சொமந்துச்சி. வைகாசி வெயில்ல ஒருநாள் வுழுந்துச்சி, எழுந்திரிக்கல. எனக்கு ஒக்கார எடம் ஏது சார்? கடைக்காரங்க மொத்தமா எடுத்துக்கறாங்க. நல்லா கழுவிக்கறோம்னாங்க."

விஜயராகவன் திரும்ப ஆட்டோவில் ஏறினார்.

அடுத்த ஞாயிறு வகுப்பு வழக்கம்போல நடந்தது. நோயிலிருந்து மீண்டு வந்தவர் என்று அவருக்குச் சால்வை போட்டார்கள். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"தெருவோரத்துல விக்கற கீரையை மட்டும் நம்பாதீங்க. அனுபவத்துல சொல்றேன்."

பலமாகக் கை தட்டினார்கள்.

மருந்தில் ஒரு கட்டி கரைந்துவிட்டது. இன்னொன்று அப்படியே இருக்கிறது.