லியனார்டுக்கு ஒரு நோட்டீஸ்

"மேடம், எனக்கு ஒரு நோட்டீஸ் வேணும்."

கவுண்டரில் இருந்த லோகேஸ்வரி நிமிர்ந்து பார்த்தாள். கிள்ளானில் உள்ள அந்தக் கார் லோன் கம்பெனிக்கு வருகிறவர்கள் எல்லாம், 'நோட்டீஸ் அனுப்பிடாதீங்க' என்று கெஞ்சுவதைக் கேட்டுத்தான் அவளுக்குப் பழக்கம். கேட்டு வாங்க வந்த முதல் மகராசன் இவர்தான்.

"எந்த நோட்டீஸ் அங்கிள்?"

"தவணை கட்டலைன்னா, காடியை இழுத்துட்டுப் போயிடுவோம்னு அனுப்புவீங்களே, அது. இந்த மாசம் நான் கட்டலை." சொல்லும்போது முகத்தில் பெருமை வேறு.

கம்ப்யூட்டரைத் தட்டினாள். பெயர் லியனார்ட். ஷா ஆலத்தில் ஃபேக்டரி சூப்பர்வைசர். நாலு வருஷமாக ஒரு நாள் பிந்தாமல் கட்டியிருக்கிற ஆள்.

"ஒரு மாசம் தவறினா நோட்டீஸ் வராது அங்கிள். தொடர்ந்து ரெண்டு மாசம் கட்டாம இருந்தாத்தான் அனுப்பலாம். சட்டம் அப்படி."

"கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணுமா. தீபாவளிக்குள்ள வேணும். ஒரு ஆளோட உயிர் விஷயம்."

"யாரோட உயிர்?"

"அதை வெளிய சொல்லக் கூடாது."

அட, கதை விடுறாரே! லோகேஸ்வரியின் கொழுந்தன் இப்படித்தான் ஒரு கடன் லெட்டரைக் காட்டி, அழுது, அவள் சங்கிலியை வாங்கிப் போனான். போனது போனதுதான். இந்த ஆளும் எவள் கழுத்துச் சங்கிலிக்கோ அடிபோடுகிறார்.

மறுமாதமும் வந்து நின்றார்.

"ரெண்டு மாசம் ஆச்சு. குடுங்க."

"ரெண்டும் கட்டியாச்சே அங்கிள். முந்தாநாள் ஆன்லைன்ல சாந்தமேரின்னு ஒருத்தங்க கட்டியிருக்காங்க."

"ஐயோ, என் பொண்டாட்டி!" தலையில் கை வைத்துக்கொண்டார். "அந்தக் காசைத் திருப்பிக் குடுத்திடுங்க லா."

"திருப்பிக் குடுக்க இது என்ன ராத்திரிச் சந்தையில போடுற பாசார் மாலாம் கடையா?"

"அப்போ மறுபடியும் முதல்லேருந்தா?"

"ஆமா. அடுத்தடுத்து ரெண்டு மாசம்."

"சரி, நான் அவகிட்ட பேசிக்கிறேன்." போனவர் திரும்பி வந்தார். "ரெஜிஸ்டர் தபால்தானே? போஸ்ட்மேன் எல்லார் முன்னாலயும் பேரைக் கூப்பிட்டுக் குடுப்பாரா? சனிக்கிழமை காலையில வந்தா நல்லாருக்கும். ஃப்ளாட் பில்டிங்ல எல்லாரும் இருப்பாங்க."

லோகேஸ்வரிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவர் ஃபைலில், 'சந்தேகமான ஆள், ஜாக்கிரதை' என்று எழுதி வைத்தாள்.

செப்டம்பர் தவணை வரவில்லை. நினைவுபடுத்த போன் போட்டால், "ரொம்ப சந்தோஷம்மா" என்றார். அக்டோபரும் வரவில்லை. சனியன் ஒழியட்டும் என்று நோட்டீஸில் கையெழுத்துப் போட்டு அனுப்பினாள். அன்றிலிருந்து இருபத்தொரு நாள் கெடு.

ஒரு வாரத்தில் இரண்டு பேராக வந்தார்கள். லியனார்டுக்கு நாலு நாள் தாடி, கலைந்த தலை, குனிந்த முகம். அவர் கையைப் பிடித்துக்கொண்டு ஒல்லியாக இன்னொருவர். வெயிலே படாத முகம்.

"தங்கச்சி, என் பேரு நாகையா. நாங்க ரெண்டு பேரும் ஒரே ஃப்ளாட். இவர் தங்கமான மனுசன்மா. உங்க நோட்டீஸ் வந்ததுலேருந்து கதவைச் சாத்திக்கிட்டு வெளியவே வரமாட்டேன்னுட்டாரு. இவர் சம்சாரம் வந்து என் கதவைத் தட்டி ஒரே அழுகை."

பொண்டாட்டியும் கூட்டா!

"இந்தா பாருங்க அண்ணே, இவரேதான்…" என்று லோகேஸ்வரி ஆரம்பித்தாள்.

நாகையாவின் முதுகுக்குப் பின்னால் லியனார்ட் வேகமாகத் தலையை ஆட்டினார். வேண்டாம், சொல்லாதே என்று கண்ணாலேயே கெஞ்சினார்.

"வெட்கப்படுறாரும்மா," என்றார் நாகையா. "இதுல என்ன இருக்குன்னு நான்தான் இழுத்துட்டு வந்தேன். எனக்கும் ஏப்ரல்ல இதே நோட்டீஸ் வந்துச்சு. போஸ்ட்மேன் ஃப்ளாட்டே பார்க்க பேரைக் கூப்பிட்டாரு. கடனை எப்படியோ அடைச்சிட்டேன். மானம் போச்சேன்னு வேலையை விட்டேன், ஆள் முகத்துல முழிக்கலை. தீபாவளிக்கு எல்லாரையும் வீட்டுக்குக் கூப்பிட்டு விருந்து வைக்கிற ஓப்பன் ஹவுஸ்கூட வேணாம்னுட்டேன். இருந்து என்ன பண்ணப்போறோம்னுகூட தோணுச்சு. ஆறு மாசம் கழிச்சு இன்னிக்குத்தான் படி இறங்கினேன். இவரைத் தனியா விட மனசு வரலை."

ஏப்ரலில் அந்த நோட்டீஸில் கையெழுத்துப் போட்டதும் லோகேஸ்வரிதான். நூறோடு நூற்றொன்றாகப் போட்டது. அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

லியனார்ட் இரண்டு தவணையையும் அபராதத்தையும் கண்ணாடிக்கு அடியில் தள்ளினார்.

"எப்படியோ புரட்டிட்டாரு," என்று பெருமையாகச் சொன்னார் நாகையா. "இனிமே பயமில்லைதானே தங்கச்சி? இவரை நம்பலாம்தானே?"

லோகேஸ்வரி ஃபைலில் எழுதியதை அழித்தாள். பிறகு முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொண்டாள்.

"நம்பவே முடியாது அண்ணே. இவர் சரியான மோசமான ஆளு. மாசா மாசம் நீங்களே கையைப் புடிச்சு இங்க கூட்டிட்டு வந்தாத்தான் உண்டு!"