ஏமாந்த வாத்தியார்

"இன்னாடா, சொல்லாம கொள்ளாம வந்து நிக்கிற?"

பச்சையம்மாள் கையிலிருந்த மரவள்ளிக்கிழங்கை அப்படியே போட்டுவிட்டு எழுந்தாள். வாசலில் தோளில் பையோடு மகன் தமிழ்வேந்தன். சின்னசேலத்தில் ரயிலை விட்டு இறங்கி, ரெண்டு பஸ் மாறி கச்சிராயபாளையம் வந்து சேர்ந்த களைப்பு முகத்தில் தெரிந்தது.

"உன் குரல்ல போனு வந்துச்சும்மா. மழையில வழுக்கி வுழுந்துட்டேன், இடுப்பு ஒடஞ்சிபோச்சுன்னு."

"நானா? நான் எப்படா வுழுந்தேன்?"

கட்டிலில் படுத்து செல்போன் பார்த்துக்கொண்டிருந்த தீனதயாளன் எழுந்து உட்கார்ந்தான். தமிழ்வேந்தனின் அக்கா கலையரசியின் புருஷன். கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டு பக்கம் செல்போன் கடை வைத்திருப்பவன்.

"மாப்ள, அப்டியே உங்கம்மா குரலா?"

"அச்சு அசலா, மாமா."

அவ்வளவுதான். தீனதயாளன் சிரித்த சிரிப்பில் கட்டில் ஆடியது.

"ஏய் கலை! வந்து உன் தம்பியப் பாரு! ஏஐ குரல நம்பிக்கினு ரயிலேறி ஓடியாந்திருக்கான்!"

அவன் சிரிப்புக்குக் காரணம் இருந்தது. தமிழ்வேந்தன் ராணுவத்தில் ஹவில்தார். ஏஐ வைத்துச் செய்கிற போலிக் குரல், போலி வீடியோவையெல்லாம் எப்படிக் கண்டுபிடிப்பது என்று ஜவான்களுக்குப் பாடம் எடுப்பதுதான் அவன் வேலை.

போன வாரம்தான் டிவியில், இந்தப் பயிற்சியை ராணுவத்தில் எல்லாருக்கும் கட்டாயமாக்க மசோதா வரப்போகிறதென்று விவாதம் ஓடியது. "என் மச்சான் எடுக்கிற கிளாஸுக்கு சட்டமே போடறாங்க" என்று கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் பீற்றிக்கொண்டதும் இதே தீனதயாளன்தான்.

"மசோதா பாஸானா மொதல்ல வாத்தியாருக்கு ட்ரெயினிங் குடுக்கணும் மாப்ள!"

பக்கத்து வீட்டு செல்லமுத்து வேலிக்கு மேலே தலையை நீட்டினார். "மிலிட்டிரியயே ஏமாத்திட்டானுங்களா? அப்ப நம்ம கதி?"

தமிழ்வேந்தன் சிரித்துக்கொண்டே ஷூவைக் கழற்றினான்.

உள்ளேயிருந்து வந்த கலையரசி மட்டும் சிரிக்கவில்லை. "அந்தக் குரலு வேற இன்னாடா கேட்டுச்சு?"

"எந்த கேம்ப்புல இருக்க, கூட எத்தினி பேருன்னு. மாமாவ அனுப்பறேன், லொகேஷன் அனுப்புன்னு."

"அனுப்பிட்டியா?"

அவன் சொம்புத் தண்ணீரை அண்ணாந்து குடித்தான்.

"ஐயோ, வேலைக்கே வேட்டு வந்துடப் போவுதுடா!"

பச்சையம்மாள் நடுவில் புகுந்தாள். "சிரிக்கிறவங்க சிரிச்சிக்கங்க. எனக்கு ஒண்ணுன்னதும் எம்புள்ள ஓடியாந்துட்டான் பாத்தீங்களா?" அதையே செல்லமுத்துவைப் பார்த்து இன்னொரு தடவை சத்தமாகச் சொல்லிவிட்டு, கோழி பிடிக்கக் கொல்லைக்குப் போனாள். நடையில் ஒரு மிடுக்கு.

தமிழ்வேந்தன் மெதுவாகக் கேட்டான். "மாமா, அம்மா பேசற வீடியோ எங்கனா போட்டீங்களா?"

"நாந்தான் போட்டேன். 'ராணுவ வீரனப் பெத்த தாய்'னு. உன் யூனிஃபார்ம் போட்டோ, ரெஜிமெண்ட் பேரு எல்லாம் சேத்து... செம லைக்ஸு மாப்ள..."

சொல்லிக்கொண்டிருக்கும்போதே தீனதயாளனின் குரல் தேய்ந்தது.

"குரல அதுலேர்ந்துதான் எடுத்திருப்பானுங்க. அழிச்சிடுங்க மாமா." அவன் பேச்சில் துளிக் கோபம் இல்லை.

தீனதயாளன் தலை நிமிராமல் அழித்தான். "கடையில ஆள் இல்ல" என்று முணுமுணுத்துவிட்டு பைக்கை எடுத்தான். வேலிக்கு மேலே இருந்த தலையும் காணாமல் போனது.

குழம்பு கொதிக்கிற வாசனை வரும்போது, குழாயடியில் கை கால் கழுவிக்கொண்டிருந்த தம்பிக்குத் துண்டை நீட்டினாள் கலையரசி.

"எனக்கு மட்டும் சொல்லு. நெஜமாவே ஏமாந்துட்டியா?"

"இல்லக்கா. எடுத்த எடுப்புலயே போலின்னு தெரிஞ்சிபோச்சு. கேம்ப்ப மாத்தி மாத்திச் சொல்லி பேச்சுக் குடுத்துக்கினே இருந்தேன். அதுக்குள்ள எங்க ஆளுங்க அந்த நம்பரு எங்கேர்ந்து வருதுன்னு புடிச்சிட்டாங்க. ஆபீசருக்கு ஒரே சந்தோஷம். இன்னா வேணும் கேளுன்னாரு. லீவு கேட்டேன்."

"அடப்பாவி! அத மாமாகிட்ட சொல்றதுக்கு இன்னா? உன்ன அந்தக் கேலி பண்ணிக்கினு இருந்தாரே!"

"சொன்னா, எப்படிக் கண்டுபுடிச்சன்னு அம்மா கேக்கும்."

"எப்படித்தான் கண்டுபுடிச்ச?"

அடுப்படியில் பச்சையம்மாள் யாரிடமோ, "போனு வந்ததும் ஒரு நிமிசம் நிக்கலயாம், அப்டியே ஓடியாந்துட்டான்" என்று சொல்லிக்கொண்டிருப்பது கேட்டது.

தமிழ்வேந்தன் துண்டில் முகத்தைப் புதைத்துத் துடைத்தான். குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னான்.

"'ஒருவாட்டி வந்து மூஞ்சியக் காட்டிட்டுப் போடா'ன்னு அழுதுச்சுக்கா அந்தக் குரலு. ரெண்டு வருசமா நான் வூட்டுப் பக்கமே வரல... நம்ம அம்மா ஒருவாட்டிகூட அப்டிக் கேட்டதே இல்லியே!"