கையில் இருக்கும் சாவி

எண்ணூர் சாலையோரம் நிற்கும் காரின் திரையில் சாவியைக் காணவில்லை என்று மறுபடியும் எழுத்து மினுங்குகிறது. சாவி செங்குட்டுவனின் கையில்தான் இருக்கிறது. சாவிக்குள் புது பேட்டரி போட்டாயிற்று. ஸ்டார்ட் பொத்தானின் மேலேயே சாவியை வைத்து அழுத்தியும் பார்த்தாயிற்று. இன்ஜின் அசையவே இல்லை. பின்சீட்டில் மாவுக்கட்டுப் போட்ட காலை நீட்டியபடி, மடியில் ரோஜா மாலையுடன் அவனுடைய அம்மா சொக்கம்மாள் இருக்கிறாள். அவளுடைய மூத்த மகள் புளியந்தோப்பு வீட்டில் ஐஸ் பெட்டிக்குள் கிடக்கிறாள். இவர்களை ஏற்றிப்போக வரச் சொன்ன வேறொரு வண்டி கண்டெய்னர் லாரிகளின் வரிசைக்குப் பின்னால் எங்கோ மாட்டிக்கொண்டிருக்கிறது. வெயிலில் கண்ணாடி மேல் நிலக்கரித் தூசி மெல்லப் படிகிறது. போன் அடிக்கிறது. அக்காவின் கணவர்.

"மச்சான், இதுக்கு மேல வச்சிருக்க முடியாதுன்றாங்க. எல்லாரும் நின்னுகினு கீறாங்க. இன்னா சொல்றது?"

செங்குட்டுவன் திரும்பி அம்மாவைப் பார்க்கிறான்.

"எடுக்கச் சொல்லு நைனா," என்கிறாள் அவள். "எம் பேரச் சொல்லி வாய்க்கரிசி ஒரு பிடி போடச் சொல்லு."

அவன் அதைப் போனில் சொல்கிறான். இரண்டாம் தடவை சொல்ல வேண்டியிருக்கிறது.