தலைக்குள் நாற்பத்தெட்டு

தலைவலி என்று யார் வந்தாலும், வலி தெறிக்கும்போதெல்லாம் மேசையில் ஒரு தட்டுத் தட்டச் சொல்வது நர்ஸின் வழக்கம். அன்று தலைவலியோடு வந்த தையற்காரி ஒரு கையால் தட்டினாள். மறு கையில் நர்ஸ் நாடி பிடித்தாள். நிமிடத்துக்கு நாடி எழுபத்திரண்டு, தட்டு நாற்பத்தெட்டு. மூன்று முறை எண்ணியும் அதேதான்.

நர்ஸுக்கு மண்டை குழம்பியது. "ரத்தக்குழாய் துடிச்சா இதயத்தோட ஒத்துப்போகணுமே. இது யாரோட கணக்கு, அக்கா?"

தையற்காரி கண்ணைத் திறக்கவில்லை. "எங்க வீட்டுக்காரருக்கு எப்பவும் நாப்பத்தெட்டுதான். நெஞ்சுல காது வச்சாலே எனக்குத் தூக்கம் வந்துடும்."

"அவரையும் கூட்டிட்டு வாங்க, பாத்துடலாம்."

"அவர் போய் நாலு வருஷமாச்சு."

நர்ஸ் மாத்திரையை நீட்டினாள்.

"இதப் போட்டா துடிக்கிறது நின்னுடுமா?"

"அரை மணி நேரத்துல நின்னுடும்."

தையற்காரி மாத்திரையைத் தள்ளி வைத்துவிட்டு, அந்த மேசையிலேயே காதை வைத்துச் சாய்ந்து உறங்கிப்போனாள். விரல் மட்டும் அதே நிதானத்தில் தட்டிக்கொண்டே இருந்தது.