வரிசைப்படி

கார் கம்பெனி ஏஜென்ட்டின் ஷெட்டில் வந்து இறங்கியிருந்த மரப்பெட்டியைப் பார்த்ததும் சொரிமுத்துவுக்கு வயிறு பற்றி எரிந்தது. பெட்டியின் மேல் சாக்பீஸால் எழுதியிருந்த கார் நம்பர் ரோச்சுடையது.

சொரிமுத்துவும் ரோச்சும் பழைய ஹார்பர் வாசலில் டாக்ஸி ஓட்டுகிறவர்கள். இரண்டு பேரிடமும் ஒரே மாடல் கார். இரண்டு காருக்கும் ஒரே வியாதி. மூன்றாவது கியர் போட்டால் நிற்காது. ஓடிக்கொண்டிருக்கும்போதே நழுவி நியூட்ரலுக்கு வந்துவிடும். இடது கையால் கியரை அழுத்திப் பிடித்துக்கொண்டேதான் ஓட்ட வேண்டும்.

கம்பெனியே தப்பை ஒப்புக்கொண்டு கடிதம் போட்டிருந்தது. புது கியர் பாக்ஸ் இலவசமாக மாட்டித் தருவார்களாம், வரிசைப்படி. கடிதம் வந்தது தை மாதம். இப்போது ஆடி. மெட்ராஸிலிருந்து மாதத்துக்கு இரண்டு பெட்டி வந்தாலே அதிகம்.

வீட்டுக்கு வந்தும் அவனுக்குச் சோறு இறங்கவில்லை.

"எனக்குப் பொறவு கார் வாங்குனவன் அவன். அவனுக்கு முதல்ல வந்துட்டு, பாத்தியாளா?"

செல்லக்கிளி எட்டு மாதக் கர்ப்பிணி. மெதுவாகச் சுவரோரம் சாய்ந்து உட்கார்ந்தாள்.

"வந்தா வந்துட்டுப் போவுது. நமக்கும் வராமலா போவும்?"

"ஒனக்கு என்ன தெரியும்? ரோச்சும் ஷெட்டு மானேஜர் ஹென்றியும் ஒரே கோயிலு. ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சி வெளிய வரும்போது காதக் கடிச்சிருப்பான்."

"ரோச்சண்ணன் அப்படிப்பட்ட ஆளு இல்ல. போன வாரம் ஆஸ்பத்திரிக்குப் போவும்போது நம்ம கார் ரயில்வே கேட்டுல தண்டவாளத்து மேலயே நின்னுபோச்சே, அவருதான தள்ளிவிட்டாரு?"

"தள்ளிவிட்டான். தள்ளும்போது அவன் மூஞ்சியப் பாத்தியா? ஒரு சிரிப்பு."

"எனக்கு அப்ப உசுரே இல்ல. நான் எங்க அவரு மூஞ்சியப் பாத்தேன்?"

மறுநாள் ஸ்டாண்டில் ரோச்சே வந்து பக்கத்தில் நின்றான்.

"என்னலே, ஒரு மாதிரி இருக்க? ஏஜென்ட் ஷெட்டுப் பக்கம் போனியா?"

"நான் எதுக்கு அங்க போறேன்?"

ரோச் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அப்புறம் சிரித்துக்கொண்டே போய்விட்டான்.

அந்தச் சிரிப்பைத்தான் சொரிமுத்துவால் தாங்க முடியவில்லை. நேரே தபாலாபீஸுக்குப் போய் ஒரு கவர் வாங்கினான். பெயர் போடாமல் மெட்ராஸ் கம்பெனிக்கு எழுதினான்.

'தூத்துக்குடியில் வேண்டியவர்களுக்கு முந்திக் கொடுக்கிறார்கள். பதிவேட்டைப் பார்க்கவும். வரிசை மீறி யாருக்கும் கியர் பாக்ஸ் மாட்டக் கூடாது.'

கவரைத் தபால் பெட்டியில் போட்ட பிறகுதான் அவனுக்குப் பசித்தது.

கியர் பாக்ஸ் பெட்டி வந்தும் வேலை நடக்கவில்லை. மாட்டித் தரும் மெக்கானிக் மதுரையிலிருந்து வர வேண்டியிருந்தது. பத்து நாள் கழித்து ஹென்றி ஆள் அனுப்பினார்.

"புதன்கிழமை காலைல காரக் கொண்டாரச் சொன்னாரு மானேஜர். கியர் பாக்ஸ் மாட்டணுமாம்."

சொரிமுத்துவுக்குத் தலைகால் புரியவில்லை. கடுதாசி வேலை செய்துவிட்டது. ரோச்சுக்கு நிறுத்திவிட்டு நியாயமாகத் தனக்குக் கொடுக்கிறார்கள். புதன்கிழமை காரைத் துடைத்து, பொட்டு வைத்து ஓட்டிக்கொண்டு போனான்.

மெக்கானிக் காருக்கு அடியில் படுத்து இரண்டு போல்ட்தான் கழற்றியிருப்பார். வாசலில் ஒரு ஜீப் வந்து நின்றது. மெட்ராஸ் கம்பெனி அதிகாரி இறங்கினார். கையில் சொரிமுத்து எழுதிய கடிதம்.

பதிவேட்டை வாங்கிப் புரட்டினார். காரின் சேஸிஸ் நம்பரைக் குனிந்து பார்த்தார்.

"வேலையை நிறுத்துங்க," என்றார். "புகார் உண்மைதான். இந்தப் பெட்டி பதினாலாம் நம்பர் ரோச்சுக்கு வந்தது. வரிசை கார் வாங்கின தேதிப்படி இல்ல, பேர் பதிஞ்சபடி; இந்தக் கார் முப்பத்தொண்ணு. இது எப்படி முன்னால வந்துச்சு?"

ஹென்றி கையைப் பிசைந்தார்.

"ரோச்சே விட்டுக்குடுத்தாரு சார். எழுதியே குடுத்திருக்காரு. இவரு சம்சாரம் மாசமா இருக்கு. தண்டவாளத்துல கார் நின்னத அவரு கண்ணால பாத்திருக்காரு. எனக்கு மெதுவா வரட்டும், சொரிமுத்துக்கு மாட்டுங்கன்னாரு. இவருகிட்ட முன்கூட்டியே சொல்லாதீங்க, சொன்னா வேண்டாம்னுடுவாருன்னும் சொன்னாரு."

"நல்ல மனசுதான்," என்றார் அதிகாரி. "ஆனா எழுத்து மூலமா புகார் வந்தாச்சு. எழுதினவர் யாருன்னு தெரிஞ்சு, அவரே வாபஸ் வாங்கினா வேற விஷயம்."

அதிகாரி ஒரு நிமிடம் காத்திருந்தார். சொரிமுத்து குனிந்து, கழற்றிக் கிடந்த போல்ட்டுகளைப் பொறுக்கினான்.

"அப்ப வரிசைப்படியே போகட்டும். ரோச் காரை வரச் சொல்லுங்க."

அரை மணியில் ரோச் வந்துவிட்டான். நடந்ததையெல்லாம் ஹென்றி சொல்லக் கேட்டுக்கொண்டு சொரிமுத்துவிடம் வந்து தோளில் கை போட்டான்.

"எவனோ பொறாமை புடிச்ச பய எழுதிப் போட்டுட்டான், விடுலே. என் காருல மாட்டணும்னா மாட்டட்டும். மாட்டி முடிச்சதும் அந்தக் கார நீ எடுத்துக்கோ. தங்கச்சிக்கு நல்லபடியா பிரசவம் ஆவுற வரைக்கும் ஒன் கார நான் ஓட்டுதேன்."