இருபத்து மூன்று புழுக்கள்

“சார், இந்த மருந்துத் தண்ணியில பவளத்தைப் பத்து நிமிஷம் முக்கி எடுத்தா, ஒட்டுண்ணிப் புழு அத்தனையும் காலி” என்றார் மீன் தொட்டிக் கடைக்காரர்.

ஓய்வுபெற்ற தலைமை எழுத்தர் பூதக்கண்ணாடியைக் கீழே வைத்தார். தொட்டிக்குள் அவர் வளர்க்கும் உயிர்ப் பவளம் வாடிக் கிடந்தது.

“பவளம் தாங்குமா?”

“தாங்கலாம். தாங்காமலும் போகலாம்.”

“ரிஸ்க் எதுக்கு மாமா?” மருமகள் முந்திக்கொண்டாள். “உங்க பொறுமை யாருக்கு வரும்? இடுக்கியால ஒவ்வொண்ணா எடுத்திடுங்க.”

“அதுவும் சரிதான். காலையிலேயே இருபத்து மூணு எடுத்துட்டேனே!” மாமனார் பெருமையோடு மறுபடியும் தொட்டிமேல் குனிந்தார்.

வாசலில் மருமகள் குரலைத் தாழ்த்தினாள். “நல்ல ஆளுங்க நீங்க! மருந்தையா கொண்டு வர்றது?”

“காலையில அவரே கடைக்கு வந்து கூப்பிட்டாரும்மா. நான் என்ன பண்றது?” கடைக்காரர் பையிலிருந்து சின்ன பாட்டிலை எடுத்து நீட்டினார். உள்ளே புழுக்கள் நெளிந்தன.

மருமகள் அதை வாங்கிக்கொண்டாள். “போன வாரம் புதன்கிழமையே எல்லாத்தையும் பிடிச்சு முடிச்சிட்டார். வியாழக்கிழமை சமையலறைக்குள்ள வந்து டப்பாவுக்கெல்லாம் நம்பர் ஒட்ட ஆரம்பிச்சிட்டார். அவர் குளிக்கப் போனதும் இதைத் தொட்டியில விட்டாதான் எனக்கு நிம்மதி. ஆமா, வாராவாரம் இத்தனை புழு உங்களுக்கு எங்கேருந்து கிடைக்குது?”

கடைக்காரர் தலையைச் சொறிந்தார்.

“உங்க மாமனார்கிட்டேருந்துதாம்மா. கொல்ல மனசு வராம, பிடிச்சதையெல்லாம் எண்ணி என்கிட்ட ஒப்படைச்சு, கையெழுத்தும் வாங்கிட்டுப் போறார். இதுல சரியா இருபத்து மூணு இருக்கு.”