ஏழு மணித் தண்ணீர்

பக்கத்து வீட்டுக் குரோய்வா, கணிதப் பேராசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி போனபிறகு தனிக்கட்டை. சப்போரோவில் இருக்கும் மகள் சினாட்சு அவருக்கு ஒரு கெட்டில் அனுப்பியிருந்தாள். அதன் சுவிட்சை அமுக்கினால் அவள் போனுக்குத் தகவல் போகும். அப்பா நலம் என்று அர்த்தம்.

ஆஸ்பத்திரிக்குக் கிளம்பியவர் வீட்டுச் சாவியை என்னிடம் நீட்டினார்.

"தினமும் காலையில கெட்டிலை அமுக்கிடுங்கம்மா. சினாட்சுவுக்கு ஏழு மாசம். படுக்கையை விட்டு எழுந்திருக்கக் கூடாதாம். தெரிஞ்சா ஓடி வந்துடுவா."

"என்னைப் பொய் சொல்லச் சொல்றீங்களே, ப்ரொபசர்!"

"பொய் என்ன? கெட்டில் நல்லாத்தானே இருக்கு!"

தினமும் ஏழு மணிக்கு அமுக்கினேன். கொதித்த தண்ணீரைக் கொட்டிவிட்டு அவரைப் பார்க்கப் போவேன். போன் அவர் தலைமாட்டிலேயே இருக்கும்.

"ஞாயித்துக்கிழமையானா பேசிடுவா. மூணு வாரமா காணோமே," என்பார்.

"அசதியில தூங்கியிருப்பா. நீங்களே கூப்பிடுங்களேன்."

"நானா கூப்பிட்டா ஏதோ ஆச்சுன்னு கண்டுபிடிச்சுடுவா."

நான்காவது ஞாயிறும் போன் ஒலிக்கவில்லை. மறுநாள் அவர் போய்விட்டார்.

சினாட்சுவிடம் போனில் நான்தான் சொன்னேன். அவள் அழுது ஓயும்வரை காத்திருந்தேன்.

"இத்தனை நாளா கெட்டிலை அமுக்கினது நான்தாம்மா. என்னை மன்னிச்சுடு."

"அப்பா அமுக்கலைன்னு முதல் நாளே தெரியும் அத்தை. அவர் பகா எண் நிமிஷத்துலதான் அமுக்குவார். ஏழு பதினொண்ணு, ஏழு பதிமூணு, இப்படி. திடீர்னு தினமும் சரியா ஏழு மணி!"

"தெரிஞ்சுமா நீ கூப்பிடல?"

"யாரோ ஒருத்தங்க துணைக்கு வந்துட்டாங்கன்னு நினைச்சேன் அத்தை. அப்பா இனிமே தனியா இல்ல, நடுவுல நான் எதுக்குன்னு சந்தோஷமா ஒதுங்கிட்டேன்."